லினக்ஸில் இடம் தீர்ந்துவிட்டது, விண்டோஸோ 9 ஜிபிக்கு மேல் விட்டுத்தர மறுக்கிறது

இரட்டைத்தோணி
வெள்ளி, இரவு 10:52

வணக்கம். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் இருக்கின்றன. 512 ஜிபி எஸ்எஸ்டி. ஒன்றரை வருடத்துக்கு முன் உபுண்டுவைப் போட்டபோது, சும்மா பழகிப் பார்க்கத்தானே என்று 68 ஜிபி மட்டும் ஒதுக்கினேன். இப்போது எல்லா வேலையும் அதில்தான் நடக்கிறது, விண்டோஸை வாரத்துக்கு ஒருமுறை திறந்தால் அதிகம். இரண்டு நாளாக "1 ஜிபிக்கும் குறைவாக இடம் உள்ளது" என்ற எச்சரிக்கை ஓயாமல் வருகிறது.

சி டிரைவ் 399 ஜிபி. அதில் 170 தான் நிரம்பியிருக்கிறது. சரி, அங்கிருந்து 150 ஜிபி எடுத்து இங்கே சேர்த்துவிடலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து ஷ்ரிங்க் கொடுத்தால், குறைக்கக்கூடிய இடம் 9311 எம்பி என்கிறது. 229 ஜிபி காலியாகக் கிடக்கும்போது இது என்ன கணக்கு?

வட்டில் பார்ட்டிஷன்கள் (வட்டைப் பிரித்த பகுதிகள்) இடமிருந்து வலமாக இப்படி இருக்கின்றன:

இஎஃப்ஐ 100 எம்பி | எம்எஸ்ஆர் 16 எம்பி | சி 399 ஜிபி | ரெகவரி 800 எம்பி | உபுண்டு 68 ஜிபி | ஸ்வாப் 8 ஜிபி | ரெகவரி 500 எம்பி

ரெகவரி ஏன் இரண்டு இருக்கிறது என்றும் புரியவில்லை. நான் உருவாக்கவில்லை.

நீலத்திரை
வெள்ளி, இரவு 11:20

காலி இடம் எவ்வளவு என்பது இங்கே கேள்வியே இல்லை, காலி இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஷ்ரிங்க் செய்யும்போது விண்டோஸ் டிரைவின் வலது கோடியிலிருந்து வெட்டிக்கொண்டே வரும். வழியில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால் அதற்கு மேல் வெட்டாது. உங்கள் டிரைவில் கடைசியிலிருந்து 9 ஜிபி தள்ளி அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

வழக்கமாக மாட்டுபவை நான்கு. தூங்கும்போது ராமில் இருப்பதை எழுதிவைக்கும் ஹைபர்நேட் கோப்பு, ராம் போதாதபோது பயன்படும் பேஜ்ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் எடுத்து வைத்திருக்கும் நகல்கள், கடைசியாக விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸின் சொந்தப் பதிவேடான எம்எஃப்டி. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இவற்றைத் தானாக இடம் மாற்றிக்கொள்ளாது.

உங்கள் வட்டில் எது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் போய்ப் பாருங்கள். ஷ்ரிங்க் முயற்சி செய்த நேரத்தில் 259 என்ற எண்ணுடன் ஒரு பதிவு இருக்கும். நகராத கடைசிக் கோப்பு எது என்று பெயரோடு அதில் எழுதியிருக்கும். இந்த ஒரு பதிவைப் பார்க்காமல்தான் பலர் நாள் கணக்கில் டிஃப்ராக் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ரெகவரி இரண்டு இருப்பது சாதாரணம். விண்டோஸின் பெரிய மேம்படுத்தல் வரும்போது பழைய ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதவில்லை என்றால், அது சி டிரைவின் வாலில் கொஞ்சம் வெட்டிப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழையது அநாதையாகக் கடைசியில் கிடக்கும். 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு நிறைய கணினிகளில் தோற்றுப்போனதே, அதற்கும் ரெகவரி பார்ட்டிஷன் சிறிதாக இருந்ததுதான் காரணம். அதை 250 எம்பி பெரிதாக்குங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே வழிமுறை வெளியிட்டது.

சும்மாபார்ப்பவன்
வெள்ளி, இரவு 11:31

இவ்வளவு எதற்கு? லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸ்) ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறங்கள், சி டிரைவின் விளிம்பைப் பிடித்து இடது பக்கம் இழுங்கள், உபுண்டுவின் விளிம்பையும் இடது பக்கம் இழுங்கள், அப்ளை. முடிந்தது.

முனையக்காரி
வெள்ளி, இரவு 11:48

முடிந்தது என்றால் வட்டில் இருப்பதெல்லாம் முடிந்தது என்று அர்த்தமா?

இரட்டைத்தோணி, எதையும் இழுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிரைவைச் சாவி போட்டுப் பூட்டி வைக்கும் வசதி) இயங்குகிறதா? விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த உடனே சத்தமில்லாமல் அது இயங்கத் தொடங்கிவிடும். அப்படி இருந்தால் ஜிபார்ட்டெட் அந்த டிரைவை பிட்லாக்கர் (அந்தப் பூட்டின் பெயர்) என்று மட்டும் காட்டும், அளவை மாற்ற விடாது. அந்த டிரைவை விண்டோஸுக்கு உள்ளிருந்துதான் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். இது இயங்கும்போது நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கர்னலை அப்படியே ஹைபர்நேட் கோப்பில் எழுதிவிட்டுத் தூங்கப்போகிறது. அந்த நிலையில் வெளியிலிருந்து டிரைவைத் தொட்டால், விழித்தெழும் விண்டோஸ் தன் நினைவில் இருக்கும் பழைய வரைபடத்தை நம்பி எழுத ஆரம்பிக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் உண்மையாகவே முழுதாக மூடித் திறக்கிறது. வேடிக்கைதான், ஆனால் அப்படித்தான்.

அப்புறம் பேக்கப். எடுத்திருக்கிறீர்களா என்று கேட்கவில்லை, எடுத்ததைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

இரட்டைத்தோணி
சனி, காலை 8:15

டிவைஸ் என்க்ரிப்ஷன் 'ஆன்' என்று இருக்கிறது! நான் ஒருநாளும் அதைத் தொட்டதே இல்லை. இது தெரியாமல் ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்த்தேன், பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அங்கே இருக்கிறது. காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன், இரண்டு முறை சரிபார்த்தேன்.

259 பதிவும் கிடைத்தது. ஹைபர்நேட் கோப்புதான் வில்லன்.

பேக்கப் வெளி வட்டில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். பார்த்த பிறகுதான் தெரிந்தது, நான்கு மாதத்துக்கு முந்தையது. இப்போது புதிதாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நீலத்திரை
சனி, காலை 9:02

நல்லது. இனி வரிசையாகச் செய்யுங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டராகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப். இதில் ஹைபர்நேட் கோப்பு அழிந்துவிடும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போய்விடும். உங்கள் ராமில் ஏறத்தாழ 40% அளவு இடமும் திரும்பக் கிடைக்கும். பிறகு அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் பேஜ்ஃபைலை நோ பேஜிங் ஃபைல் என்று மாற்றுங்கள், சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனையும் நிறுத்துங்கள். பழைய ரெஸ்டோர் புள்ளிகள் எல்லாம் அழியும் என்பதை அறிந்தே செய்யுங்கள். ரீஸ்டார்ட். மறுபடி ஷ்ரிங்க் பாருங்கள். வேலை முடிந்ததும் பேஜ்ஃபைலையும் ப்ரொடெக்‌ஷனையும் திரும்பப் போட்டுவிட மறக்காதீர்கள். இதை மறந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மெமரி இல்லை என்று இங்கேயே வந்து கேட்டவர்கள் உண்டு.

இன்னொன்று. குறைத்த பிறகு கிடைக்கும் காலி இடத்தை அன்அலொகேட்டட் ஆகவே விட்டுவிடுங்கள். வலது கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்துவிடாதீர்கள், அதை லினக்ஸ் பக்கத்தில் உருவாக்கிக்கொள்ளலாம்.

இரட்டைத்தோணி
சனி, காலை 11:40

9 ஜிபி, இப்போது 61 ஜிபி ஆகியிருக்கிறது. முன்னேற்றம்தான், ஆனாலும் 150 இல்லை. 259 பதிவு இப்போது எம்எஃப்டியைக் காட்டுகிறது.

நீலத்திரை
சனி, காலை 11:55

எதிர்பார்த்ததுதான். டிஃப்ராக் சி: /எக்ஸ் என்று ஒருமுறை ஓட்டுங்கள். அது காலி இடங்களை ஒன்றுசேர்க்கும் வேலை. எஸ்எஸ்டியில் டிஃப்ராக் கூடாது என்று யாராவது இப்போது வந்து சொல்வார்கள். தினமும் ஓட்டினால் வீண் தேய்மானம்தான், ஒருமுறைக்கு ஒன்றும் ஆகாது. முடிந்ததும் மீண்டும் ரீஸ்டார்ட், மீண்டும் ஷ்ரிங்க்.

இரட்டைத்தோணி
சனி, மதியம் 1:10

158 ஜிபி வரை விடுகிறது! 150 போதும் என்று 153600 எம்பி கொடுத்தேன். (முதலில் 150000 என்று தட்டிவிட்டு, 1024 ஆல் பெருக்க வேண்டும் என்று கடைசி நொடியில் நினைவு வந்தது.) பத்து விநாடியில் முடிந்துவிட்டது. விண்டோஸ் நன்றாகவே திறக்கிறது, சாவி எதுவும் கேட்கவில்லை. பேஜ்ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இப்போது அடுத்த சிக்கல். காலி 150 ஜிபி சி டிரைவுக்கு வலது பக்கம் இருக்கிறது, அதற்கு அடுத்து அந்த 800 எம்பி ரெகவரி, அதற்கும் அப்புறம்தான் உபுண்டு. நடுவில் ஒன்று நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இதைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது?

நீலத்திரை
சனி, மதியம் 2:05

நந்தியை விலக்கத்தான் வேண்டும். முதலில் விண்டோஸில் ரீஏஜென்ட்சி /டிசேபிள். இது ரெகவரி படக்கோப்பைப் பத்திரமாக சி டிரைவுக்குள் கொண்டுவந்து வைத்துவிடும். பிறகு லைவ் யுஎஸ்பியில் ஏறி, ஜிபார்ட்டெட்டில் ஸ்வாப்பின் (ராம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் பகுதி) மேல் வலது கிளிக் செய்து ஸ்வாப்ஆஃப் கொடுங்கள். லைவ் சிஸ்டம் அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், சாவிப் படம் தெரிந்தால் பிடித்திருக்கிறது என்று பொருள். அடுத்து ரெகவரியை இடக்கோடிக்கு நகர்த்தி சி டிரைவை ஒட்டி வையுங்கள். காலி இடம் இப்போது உபுண்டுவுக்கு இடது பக்கம் வந்துவிடும். உபுண்டு பார்ட்டிஷனின் இடது விளிம்பை இழுத்துப் பெரிதாக்குங்கள், அப்ளை. கடைசியில் விண்டோஸுக்குப் போய் ரீஏஜென்ட்சி /எனேபிள்.

பூட் ஆகாமல் போகலாம் என்று ஜிபார்ட்டெட் ஒரு எச்சரிக்கை காட்டும். உங்களுடையது யுஇஎஃப்ஐ (புதிய வகை பூட் முறை), பூட் நிரலான கிரப் உபுண்டுவை யுயுஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) வைத்துத்தான் தேடுகிறது, நகர்த்துவதாலோ நீட்டுவதாலோ யுயுஐடி மாறாது. பயப்படத் தேவையில்லை.

கரண்ட்போச்சு
சனி, மாலை 4:30

நீலத்திரை சொல்லும் ஒவ்வொரு வரியும் சரி, ஆனாலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன், என் பெயரைப் பார்த்தாலே காரணம் புரிந்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷனை இடது பக்கம் இழுத்துவிட்டு, டெஸ்க்டாப் என்பதால் பேட்டரியும் இல்லாமல், 40% ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது, திரும்பி வந்தபோது பார்ட்டிஷன் அட்டவணை ஒன்று சொல்கிறது, உள்ளே இருக்கும் டேட்டா வேறொன்று சொல்கிறது, பாதி புது இடத்தில், பாதி பழைய இடத்தில், நடுவில் ஒன்றின் மேல் ஒன்று எழுதிய பகுதி வேறு. டெஸ்ட்டிஸ்க் எடுத்து இரவு முழுக்க உட்கார்ந்தேன். அது அற்புதமான கருவிதான், ஆனால் பார்ட்டிஷனைத் தவறுதலாக அழித்துவிட்டால்தான் அது உதவும், ஏனென்றால் அப்போது அழிவது அட்டவணையில் ஒரு வரி மட்டும், டேட்டா இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். இங்கே டேட்டாவே பாதி வழியில் நிற்கிறது. எந்த ஆரம்பப் புள்ளியைக் கொடுத்தாலும் பாதி தப்பு.

வலது விளிம்பை நீட்டுவதும் இடது விளிம்பை நீட்டுவதும் திரையில் ஒரே மாதிரி இருக்கும். வலதில் நீட்டினால் ஃபைல் சிஸ்டத்தின் கணக்குப் புத்தகத்தில் சில பக்கங்கள் கூடும், விநாடிகளில் முடியும், இஎக்ஸ்டி4 என்றால் ஓடும்போதே செய்யலாம். இடதில் நீட்டினால் உள்ளே இருக்கும் அத்தனையும் தூக்கி நகர்த்தப்படுகிறது. மௌஸை இழுக்கும்போது யாருக்கும் இந்த வித்தியாசம் கையில் உறைப்பதில்லை.

பேக்கப் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

சும்மாபார்ப்பவன்
சனி, மாலை 4:41

பேக்கப் இருந்ததா?

முனையக்காரி
சனி, மாலை 5:15

:)

கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கலாமா? உபுண்டு பார்ட்டிஷன் பெரிதாக வேண்டும் என்பதா உங்கள் தேவை, உபுண்டுவில் இடம் வேண்டும் என்பதா? இரண்டும் ஒன்றில்லை. லினக்ஸில் எந்த அடைவையும் எந்தப் பார்ட்டிஷனிலும் வைக்கலாம். அந்த 150 ஜிபியில் அது இருக்கும் இடத்திலேயே புதிதாக ஒரு இஎக்ஸ்டி4 உருவாக்கி, அதை ஹோம் (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் அடைவு) ஆக மவுண்ட் செய்துவிட்டால், அதாவது அந்த அடைவின் இடத்தில் பொருத்திவிட்டால் போதும். ரெகவரியை நகர்த்த வேண்டாம், உபுண்டுவை நகர்த்த வேண்டாம், ஸ்வாப்பைத் தொட வேண்டாம். நந்தி அங்கேயே இருக்கட்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஹோமை நகலெடுக்கும்போது மின்சாரம் போனாலும், பழைய ஹோம் பழைய இடத்தில் அப்படியே இருக்கும், மறுபடி நகலெடுத்தால் ஆயிற்று.

எது இடத்தைச் சாப்பிடுகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். என்சிடியு (எந்த அடைவு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் கருவி) நிறுவி ரூட்டில் (எல்லா அடைவுகளுக்கும் மேலே உள்ள தலைமை அடைவு) ஓட்டுங்கள். ஹோமில் 5 ஜிபியும், சிஸ்டத்தின் மாறிக்கொண்டே இருக்கும் தரவுகள் உள்ள வார் என்ற அடைவில் 40 ஜிபியும் இருந்தால் என் யோசனையே வீண்.

நீலத்திரை
சனி, மாலை 6:00

இது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ரூட் தனி, ஹோம் தனி என்று பிரித்துவிட்டால் நாளைக்கு ஒன்று நிரம்பி வழியும், இன்னொன்று பாதி காலியாகக் கிடக்கும். இப்போது விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் நடுவே இருக்கும் இதே பிரச்சினையை உபுண்டுவுக்கு உள்ளேயே கொண்டுவருகிறோம். கண்டெய்னர், ஃப்ளாட்பேக் எல்லாம் வாருக்குள்தான் பெருகும். லேப்டாப், பேட்டரி முழுசாக இருக்கிறது, சார்ஜரும் செருகியிருக்கும், பேக்கப் புதிதாக எடுத்தாயிற்று. ஒரே பெரிய பார்ட்டிஷனாக வைத்துக்கொள்வதுதான் நீண்ட நாளுக்கு நிம்மதி.

முனையக்காரி
சனி, மாலை 6:20

68 ஜிபி ரூட்டுக்குப் போதாமல் போகும் நாள் வரும்போது வாருக்குள் பெருத்திருக்கும் அடைவை மட்டும் எடுத்து ஹோம் பக்கம் வைத்துவிடலாம், அதற்கும் பார்ட்டிஷனைத் தொடத் தேவையில்லை. மேலும் உபுண்டுவைப் புதிதாக நிறுவ நேர்ந்தால், ஹோமை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாமே. சுவருக்குப் பயன் இல்லாமல் இல்லை.

இரட்டைத்தோணி
சனி, இரவு 8:45

என்சிடியு முடிவு: ஹோம் 33 ஜிபி, வார் 15, யுஎஸ்ஆர் 11, மீதி சில்லறை 3. மொத்தம் 62. 68 ஜிபி பார்ட்டிஷனில் 62 தான், அதற்குள் நிரம்பிவிட்டது என்கிறதே?

ஹோம் யோசனையையே எடுத்துக்கொள்கிறேன். நீலத்திரை மன்னிக்கவும். கரண்ட்போச்சு எழுதியதைப் படித்த பிறகு எனக்கு இடது பக்கம் இழுக்கக் கை வரவில்லை.

முனையக்காரி
சனி, இரவு 9:20

இஎக்ஸ்டி4 உருவாகும்போதே 5% இடத்தை ரூட் பயனருக்கென்று (சிஸ்டத்தின் நிர்வாகி) ஒதுக்கி வைத்துக்கொள்ளும், கோப்புகளின் விவரங்களை வைக்கும் இனோட் அட்டவணைக்குக் கொஞ்சம் போகும். அதுதான் காணாமல் போனது. ரூட் பார்ட்டிஷனில் அந்த ஒதுக்கீடு தேவை, வட்டு நிரம்பினாலும் சிஸ்டம் மூச்சு விட அதுதான் உதவும். ஹோமில் வீண். புதிய பார்ட்டிஷனில் ட்யூன்2எஃப்எஸ் கட்டளை வைத்து 1% ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள், 150 ஜிபியில் 6 ஜிபி மிச்சமாகும்.

செய்முறை இது. லைவ் யுஎஸ்பியில் ஏறுங்கள், ஓடும் உபுண்டுவில் செய்தால் நகலெடுக்கும்போதே கோப்புகள் மாறும். முதலில் எஸ்எஃப்டிஸ்க் -டி என்ற கட்டளை கொடுத்து இப்போதைய பார்ட்டிஷன் அட்டவணையை ஒரு உரைக்கோப்பாக எடுத்து வெளி வட்டில் வையுங்கள். ஜிபிடி (உங்கள் பார்ட்டிஷன் அட்டவணையின் வகை) வட்டின் கடைசியில் ஒரு நகல் வைத்திருக்கிறதே என்று நினைக்காதீர்கள், நீங்கள் தவறு செய்தால் கருவி அந்த நகலையும் சேர்த்தே மாற்றும். பிறகு ஜிபார்ட்டெட்டில் காலி இடத்தில் இஎக்ஸ்டி4 உருவாக்குங்கள். பழைய ரூட், புதுப் பார்ட்டிஷன் இரண்டையும் மவுண்ட் செய்துவிட்டு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையில் நகலெடுங்கள். அதோடு சேர்க்கும் எழுத்துகளில் சின்ன ஏ, பெரிய ஏ, பெரிய எக்ஸ், பெரிய எச், நான்கும் வேண்டும். மூல அடைவின் கடைசியில் சாய்கோடு போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஹோமுக்குள் ஒரு ஹோம் உருவாகி நிற்கும்.

அடுத்து பழைய ஹோமின் பெயரை ஹோம்-பழசு என்று மாற்றி, வெறும் ஹோம் அடைவு ஒன்றை உருவாக்குங்கள். எஃப்ஸ்டாபில் (பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) ஒரு வரி: பிளாக்ஐடி கட்டளை காட்டும் யுயுஐடி, பிறகு ஹோம், இஎக்ஸ்டி4, டிஃபால்ட்ஸ், 0, 2. யுயுஐடியைத் தட்டாதீர்கள், ஒட்டுங்கள். ஒரு எழுத்து தவறினாலும் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

ஹோம்-பழசை உடனே அழிக்க வேண்டாம். ஒரு வாரம் இருக்கட்டும்.

இரட்டைத்தோணி
ஞாயிறு, காலை 10:30

பூட் ஆகிறது. கடவுச்சொல் கேட்கிறது. சரியாகத்தான் தட்டுகிறேன். திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி உள்நுழையும் திரைக்கே வந்து நிற்கிறது. பத்து முறை முயன்றுவிட்டேன். இதை விண்டோஸிலிருந்து எழுதுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

முனையக்காரி
ஞாயிறு, காலை 10:38

ஆர்சிங்க் பயன்படுத்தினீர்களா?

இரட்டைத்தோணி
ஞாயிறு, காலை 10:41

அது... இல்லை. சாய்கோட்டில் குழம்பிவிடுவேனோ என்று பயந்து, தெரிந்த வழியிலேயே போகலாம் என்று சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்தோடு) சாதாரண நகல் கட்டளையான சிபி -ஆர் கொடுத்துவிட்டேன்.

முனையக்காரி
ஞாயிறு, காலை 10:50

அதுதான். சிபி -ஆர் உரிமையாளரைப் பாதுகாக்காது. சூடோவோடு நகலெடுத்ததால் உங்கள் ஹோம் முழுக்க இப்போது ரூட் பெயரில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் நீங்களே எழுத முடியாததால் டெஸ்க்டாப் தொடங்க முடியாமல் வெளியே தள்ளுகிறது. ஒன்றும் அழியவில்லை.

அவசரத்துக்கு, உள்நுழையும் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் எழுத்து முனையம் வரும். அங்கே நுழைந்து சூடோவோடு சிஹெச்ஓன் -ஆர் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) கொடுத்து உங்கள் அடைவை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் உள்ளே போய்விடலாம். ஆனால் எல்லாக் கோப்புக்கும் நேற்றைய தேதியே இருக்கும், ஐந்து வருடத்துப் படங்கள் எல்லாம் ஒரே நாளில் எடுத்தது போல் நிற்கும். ஹோம்-பழசு இருக்கிறதல்லவா? லைவ் யுஎஸ்பியில் திரும்ப ஏறி, அதிலிருந்து புதியதற்கு ஆர்சிங்க்கை ஓட்டுங்கள். உரிமையாளர், தேதி இரண்டையும் அதுவே சரிசெய்துவிடும்.

இரட்டைத்தோணி
ஞாயிறு, மதியம் 12:55

வந்துவிட்டேன்! தேதிகள் எல்லாம் சரி, டெஸ்க்டாப் பழையபடியே இருக்கிறது. ஹோம் 147 ஜிபியில் 33 நிரம்பியிருக்கிறது. ரூட்டில் ஹோம்-பழசு இன்னும் இருப்பதால் எச்சரிக்கை போகவில்லை, ஆனால் அதை இப்போது பார்த்தால் கோபம் வரவில்லை. அடுத்த ஞாயிறு அழிக்கிறேன்.

ஸ்வாப்பைத்தேடி
திங்கள், இரவு 9:10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதே சாதி பிரச்சினை. ரூட்டை வலது பக்கம் நீட்டுவதற்காக, இடைஞ்சலாக இருந்த ஸ்வாப்பை அழித்துவிட்டு வட்டின் கடைசியில் புதிதாக உருவாக்கினேன். எல்லாம் நன்றாக முடிந்தது, ஆனால் பூட் ஆகும்போது மட்டும் சரியாக ஒன்றரை நிமிடம் சும்மா நிற்கிறது.

நீலத்திரை
திங்கள், இரவு 9:25

90 விநாடி, லினக்ஸைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் வழக்கமான காத்திருப்பு நேரம். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் யுயுஐடி புதிது. எஃப்ஸ்டாபில் இருப்பது செத்துப்போன ஸ்வாப்பின் யுயுஐடி, அது வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. பிளாக்ஐடி பார்த்து மாற்றுங்கள். ஹைபர்நேட்டுக்காக இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் முதல் கட்டத்தில் ஏறும் சிறு சிஸ்டம்) அமைப்பில் ரெஸ்யூம் என்று ஒரு கோப்பு இருந்தால் அதிலும் பழைய எண்தான் இருக்கும், அதையும் மாற்றி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். அழிக்காமல் நகர்த்தியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

ஸ்வாப்பைத்தேடி
திங்கள், இரவு 9:52

ரெஸ்யூம் கோப்பிலும் பழையதுதான் இருந்தது. இரண்டையும் மாற்றினேன், 14 விநாடியில் பூட் ஆகிறது. நன்றி.

இரட்டைத்தோணி
ஞாயிறு, மாலை 5:05

ஹோம்-பழசை அழித்துவிட்டேன், ரூட்டில் 33 ஜிபி திரும்ப வந்தது, எச்சரிக்கை இல்லை. கடைசியாக ஒரு கேள்வி. வலது கோடியில் கிடக்கும் அந்தப் பழைய 500 எம்பி ரெகவரியை அழிக்கலாமா? ரீஏஜென்ட்சி /இன்ஃபோ கொடுத்துப் பார்த்தேன், இயங்குவது 800 எம்பி உள்ளதுதான்.

நீலத்திரை
ஞாயிறு, மாலை 5:30

அப்படியென்றால் கடைசியில் இருப்பது செத்ததுதான், அழித்தாலும் விண்டோஸுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஸ்வாப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் 500 எம்பியை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

இரட்டைத்தோணி
ஞாயிறு, மாலை 5:34

ஒன்றும் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது.

முனையக்காரி
ஞாயிறு, மாலை 5:36

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறக்காதீர்கள்.